உப்புச் சட்டை

கொட்டகைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார் அவர். சொந்த வீட்டில், திருடன் மாதிரி.

இன்றைக்கு மருமகளைக் கையும் ஊசியுமாகப் பிடித்துவிட வேண்டும்.

கன்று செத்த மாடு பால் விடாது. மடியைத் தொட்டால் எட்டி உதைக்கும். அவர் பார்க்காத மாடா?

செவலை மட்டும் விடுகிறது. கன்றைப் புதைத்த மறுநாளே வாளி நிரம்பிவிட்டது.

அப்புறம் என்ன, ஊசிதான். ஊரே போடுகிறது. ஹார்மோன் என்கிறார்கள். குத்தினால் குழாயைத் திறந்த மாதிரி கொட்டுமாம். பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கும் கொட்டத்தான் செய்தது. அப்புறம் அது சினையே பிடிக்கவில்லை. அடிமாடாக லாரி ஏறிப் போனது.

கேட்டுப் பார்த்தார்.

“நான் ஊசியெல்லாம் போடலீங்க மாமா” என்றாள் கோகிலா. தரையைப் பார்த்துக்கொண்டு.

அது போதும் அவருக்கு. ஊசி போட்டுச் சாகடிப்பதற்கு விற்றுத் தொலைக்கலாம். மாட்டுத் தரகனுக்கு ஆள் விட்டார். விடிந்ததும் வருவதாகச் சொன்னான்.

விடிந்துகொண்டிருக்கிறது.

வாளியோடு வந்தாள். திருப்பூருக்கு வேலைக்குப் போன மகனின் பழைய சட்டை, சேலைக்கு மேலே. தோள் பக்கம் ஈரம்.

கையைப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார்.

ஊசி இல்லை.

மாட்டின் தலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மடி முட்டுகிற கன்று அப்படித்தான் நிற்கும்.

செவலை கழுத்தைத் திருப்பியது. நக்க ஆரம்பித்தது.

தோளை. மறுபடி மறுபடி அதே இடத்தை. அரம் மாதிரி நாக்கு.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடித்தொண்டையில் முனகியது மாடு. கன்றைக் கூப்பிடுகிற முனகல்.

பால் இறங்கியது. வாளியில் நுரை கட்டியது.

அப்போதுதான் அவர் மூக்குக்கு எட்டியது. மாடு நக்கட்டும் என்று தோளில் நனைத்த உப்புத் தண்ணீர். அதற்கும் அடியில், கன்றின் வாடை.

செத்த கன்றை அன்றைக்கு அவள் எதைக் கொண்டு துடைத்தாள் என்று அவர் பார்க்கவில்லை.

சட்டை தோளில் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் சிவந்து கிடந்தது.

வாசலில் வண்டி நின்றது.

“என்னங்க பெரியவரே, அவுத்துரலாங்களா?” தரகன் குரல்.

“எதடா அவுக்கறது? போ, போய் வேற ஊட்டப் பாரு.”

அவள் பதறி எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள்.

தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

கையை நீட்டினார்.

“சட்டையைக் கழட்டிக் குடு. போ, போய் எண்ணெயைப் போடு கண்ணு.”

சாயங்காலக் கறவை.

மகனின் சட்டை அவருக்குத் தொளதொளவென்று கிடந்தது. உப்புத் தண்ணீர் முதுகில் இறங்கியது. செவலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

முகர்ந்தது. ரொம்ப நேரம் முகர்ந்தது.

தோளை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார்.