டப்பாவுக்குள் இருந்தது

கோல்ஃப் மைதானத்தில் அருமைநாதன் ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒரு மாதமாக மத்தியானமானால் சத்தம் போட்டது. இடப்பக்கம் திருப்பினால் ‘கிலிங்’. மெக்கானிக் முபாரக் மூன்று முறை வந்து ஏறி ஓட்டிப் பார்த்தார், கப்சிப். இன்னொரு தடவை சத்தம் கேட்டால் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். நான்காம் முறை அருமைநாதனையே ஓட்டச் சொல்லி முபாரக் பக்கத்தில் நடந்தார். கிலிங். சீட்டுக்குப் பின்னால் தொங்கிய சாப்பாட்டுப் பையை இறக்கி, காலி டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்பூன்.

“நான் ஏறும்போதெல்லாம் மரியாதையா பையக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டீங்களேண்ணே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். “கையாலதான சாப்பிடுறீங்க, இது எதுக்கு?”

“கையில பிளேடு கீறினப்ப என் சம்சாரம் எஸ்தர் வச்சு விட்டா பாய். இன்னமும் வைக்கிறா.”

“காயம் ஆறிடுச்சுன்னு வீட்ல சொல்லிடுங்க.”

மறுநாளும் டப்பாவில் ஸ்பூன் இருந்தது. கையால் சாப்பிட்டு முடித்து, அதைக் கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம்வரை வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. மேனேஜரின் கார் கேட்டைத் தாண்டியதும் ஸ்பூனை எடுத்து டப்பாவுக்குள் போட்டார். வண்டி நிறுத்தும் ஷெட் வலப்பக்கம் இருந்தது. அருமைநாதன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார்.