தாழிக்காரர் குடித்த காப்பி

அறுபத்தெட்டாம் பக்கத்தில் அவர் நின்றுவிட்டார்.

அவள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

முதுகலை ஆய்வேடு. உயிரித்தகவலியல், கடைசிப் பருவம். ஐந்து மணிக்குள் வழிகாட்டியின் கையெழுத்தோடு அலுவலகத்தில் சேர்க்காவிட்டால் பட்டம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

வழிகாட்டி, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குற்றாலிங்கம் சார்.

அறுபத்தெட்டாம் பக்கத்தில் ஒரு பல். ஈமத்தாழிக்குள் இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டு கிடந்த பல். அதற்குரிய மனிதரைப் பற்றிச் சார் இதுவரை ஏழு ஊர்களில் பேசியிருக்கிறார். எட்டாவது ஊர் டெல்லி. அடுத்த வாரம்.

அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இவர் அவரல்ல.

பழைய டி.என்.ஏ. அரித்துப்போய்த் துண்டு துண்டாகக் கிடக்கும். முதல் பருவப் பாடம். பல்லில் கிடைத்த இவருடையதோ நீளநீளமாக, நேற்றுச் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி இருந்தது.

அது போகட்டும். கூடவே வேறு சிலதும் வந்திருந்தன.

ஹைதராபாத்தில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப்பில் அவள் பார்த்த ஒரே வேலை, ஒரு சொட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பிரிப்பது. சேவல் குஞ்சையும் பெட்டைக் குஞ்சையும் பிரிக்கிறவனின் வேகம் அவளுக்கு வந்திருந்தது.

பிரித்தாள்.

அரிசி. உளுந்து. தேங்காய்.

தாழிக்காரர் இட்லி சாப்பிட்டிருந்தார். சரி, நல்ல மனிதர்.

நான்காவது, காப்பி.

தாழி சுட்ட காலத்தில் காப்பிச் செடி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கம்ப்யூட்டரில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் குடித்திருந்தார்.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே கால்வைக்கிற எல்லோரும் முதல் நாளே ஒரு குப்பியில் துப்பிக் கொடுக்க வேண்டும். நம்முடையது ஏதாவது மாதிரியில் ஒட்டிக்கொண்டால் ஆளைக் கண்டுபிடிக்க. பதினோரு பேர் துப்பியிருந்தார்கள், தரை கூட்டும் செண்பகவடிவு அக்கா உட்பட. பதினோரு பேரும் பொருந்தவில்லை.

துப்பாதவர் ஒருவர். தான் கம்ப்யூட்டர் பக்கத்து ஆள், உள்ளே வருவதே இல்லை என்று சொல்லிவிட்டவர்.

அவர் தலைக்கு மேலே சுவரில் பெரிய புகைப்படம். பத்திரிகைக்காரர்கள் எடுத்தது. உள்ளங்கையில் பல். கையுறை இல்லை. ஒட்டிய மண்ணை ஊதிவிட, நாதஸ்வரக்காரர்போல உதட்டைக் குவித்திருக்கிறார்.

எச்சில் தெறிப்பது படத்தில் தெரியாது.

அவள் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவசியமில்லை.

"ஏழு ஊர்ல பேசிட்டு வந்திருக்கேன். நீ என்னன்னா ஆளே இவன் இல்லைன்னு எழுதிக் கொண்டாந்திருக்க. அப்ப இவன் யாரும்மா?"

அவள் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து அறுபத்தெட்டாம் பக்கத்தின் மேல் வைத்தாள்.

"கொஞ்சம் துப்புனீங்கன்னா தெரிஞ்சிரும் சார்."

துறை தொடங்கி இருபத்தாறு வருடம். எந்த மாணவியும் எந்தப் பேராசிரியரையும் துப்பச் சொன்னதில்லை. துப்ப ஆசைப்பட்டவர்கள் உண்டு.

குப்பியின் மூடியை அவளே திருகித் திறந்தாள். மூன்று தடவை ஓட்டிப் பார்த்த கை.

சார் குப்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி குப்பியைப் பார்த்தார்.

"ரொம்பத் தெகிரியம்தான் ஒனக்கு."

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார். எதையும் ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் எழுதணும்னு."

குப்பியோடு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது குப்பி கோடுவரை நிறைந்திருந்தது.

குப்பியில் எண்தான் ஒட்டுவார்கள். பெயர் போடுவதில்லை. அதுவும் வழக்கம். பன்னிரண்டு என்று எழுதிய சிட்டையை அவள் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார்.

பேனாவைத் திறந்து பன்னிரண்டை அடித்தார். கீழே தன் பெயரை, தகப்பனார் பெயரோடு, முழுசாக எழுதினார். பட்டங்களுக்கு இடம் போதவில்லை.

மை காயக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதுவரை அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஆய்வேட்டில் கையெழுத்து இன்னும் பாக்கி இருந்தது.