பத்துக் கிளிஞ்சல்

"பாட்டத் திருடிட்டு இம்மாந் திமிரா?" என்று தாமோதரன் எகிறினார். இடுப்பில் ஒரு துண்டைத் தவிர மேலுக்கு ஒன்றுமில்லாத அந்த வலைக்காரர் மார்தட்டிய சத்தத்தில் பசியாவரம் கிராமமே ஏரிக்கரைக்கு வந்துவிட்டது.

ஏரியில் இறால் பிடித்துப் பிழைக்கும் ஜெயம்மா அசையவில்லை. "ரெண்டு பேர் பாட்டையும் சொல்லு சொல்லா எண்ணிப் பாருங்கன்னு சொன்னதே நான்தான். எண்ணுங்க!"

நாளை மெட்ராஸிலிருந்து ரேடியோக்காரர்கள் டேப் ரிக்கார்டரோடு வருகிறார்கள். பாட்டு யாருடையதோ அவர்தான் பாடலாம். மற்றவர் இனி ஏரியில்கூட அதை முணுமுணுக்கக் கூடாது. ஊர்த் தலைவர் ஆதிநாராயணன் போட்ட கட்டுப்பாடு அது. புருஷன் போன பிறகு, மார்பளவுத் தண்ணீரில் ஜெயம்மாவுக்குத் துணை அந்தப் பாட்டு ஒன்றுதான்.

தாமோதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பீரமாகப் பாடினார்.

"விடியக் கருக்கல்ல ஏரியில எறங்கி,
வலையால வளைச்சி எறாவப் புடிச்சி, ஏலேலோ,
முந்தானை நெறைய முடிஞ்சி வந்தேன் அண்ணா!"

சொல்லுக்கு ஒரு கிளிஞ்சலாகத் தலைவர் மணலில் வரிசை வைத்தார். ஜெயம்மா பாடப் பாட, அதன் கீழே இன்னொரு வரிசை. அவள் பாட்டில் 'ஏலேலோ' இல்லை; அந்த இடத்தைக் காலியாக விட்டதும் மற்றதெல்லாம் நேருக்கு நேர் வந்து உட்கார்ந்தது. 'வலையால வளைச்சி' வந்த இடத்தில் அவள் 'கையால தடவி' என்றாள், 'அண்ணா'வுக்கு 'அக்கா' என்றாள். பொருந்தாத அந்த மூன்று கிளிஞ்சல்களையும் தலைவர் கவிழ்த்து வைத்தார்.

"பதிமூணுல பத்து அச்சு அசலா ஒண்ணு. ஒருத்தர் பாட்ட இன்னொருத்தர் எடுத்துகினதுதான், சந்தேகமே இல்ல."

"நான் சொல்லல?" தாமோதரன் துள்ளினார். "மூணு சொல்ல மாத்திட்டு தன்னுதுன்றா!"

"மன்னிப்புக் கேட்டுடு ஜெயம்மா," என்றார் தலைவர்.

"இன்னாத்துக்கு?"

கூட்டம் மொத்தமும் கவிழ்ந்த கிளிஞ்சல்களையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெயம்மா அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பொருந்திக் கிடந்த பத்தில், கடைசி வரியின் முதல் கிளிஞ்சலைப் பொறுக்கித் தாமோதரன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இத்த மாத்த மறந்துட்டியேண்ணா... எங்க, உன் முந்தானைய கொஞ்சம் காட்டு!"