ரெஜினாவின் அலுப்பு

“கஞ்சியா இது? என்னைக் கொல்லப் பாக்குறியா?” கட்டிலில் கிடந்த கிழவி ஜெபமாலை கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒங்களோட மல்லுக்கட்டியே என் உசுரு போயிரும்!” என்று கத்திக்கொண்டே, சிந்தியதைத் துடைத்தாள்.

சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட வந்த நர்ஸ், தங்கச்சிமடத்துக்குப் புதிது. “மாமியார்னா அப்படித்தான்க்கா,” என்று சிரித்தாள்.

“மாமியாரா? இவுக பக்கத்து வீடு. வலைத் தகராறுல என் புருசனை வெட்டிக் கொன்னவனைப் பெத்தவுக.”

நர்ஸின் கை அப்படியே நின்றது. “அப்புறம் ஏன்க்கா நீங்க…?”

“நான் சொன்ன சாட்சியிலதான் அவன் ஜெயில்ல இருக்கான். இவுகளுக்கு வேற யாரு இருக்கா?” ரெஜினா ஜெபமாலையின் வாயைத் துடைத்துவிட்டாள். “பகைவரை நேசின்னு பங்குச்சாமி பூசையில லேசாச் சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரு நாளு இங்கன வந்து கஞ்சி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க!”