கீறல் விழாத நாற்காலி

கைப்பிடியில் ஒரு நகக்கீறல்கூட இல்லை. பல் டாக்டர் குனிந்து இரண்டு கைப்பிடிகளையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். ஆறு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவள் முகத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

"இதேதான். இதையே எடுத்துக்கலாம்" என்றாள்.

பழைய மருத்துவச் சாமான்கள் விற்கும் அந்தக் கிடங்குக்கு வருவதில் அவள் கணவனுக்குத் துளியும் விருப்பமில்லை. புது நாற்காலியின் விளம்பரத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தான்.

"பதினஞ்சு வருஷப் பழசும்மா இது. புதுசுன்னா ரெண்டு வருஷம் வாரண்டி உண்டு."

"வாரண்டி நாற்காலிக்குத்தானே? எனக்கு யாரு குடுப்பா?"

பெரிய டாக்டர் ஒருவரிடம் அவள் வேலை பார்த்த ஆறு மாதத்தில், 'இன்னிக்குச் சின்ன டாக்டர்தான்' என்று தெரிந்ததுமே வீங்கிய கன்னத்தோடு எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம். முரட்டுக் கை என்று பேர் வாங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை சொந்த கிளினிக் திறக்கிறாள். அங்கேயும் ஈ ஓட்ட வேண்டி வந்தால், மாமனாரின் மருந்துக்கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான். அந்தப் பயத்தில் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு பழைய நாற்காலியும் இருந்தது. அதன் கைப்பிடி நுனிகளைப் பூனை பிராண்டியதுபோல் யார் யாரோ பிய்த்துவைத்திருந்தார்கள். பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? இதுல உக்காந்தவங்க வலி தாங்காம பிடிச்சுப் பிச்சிருக்காங்க. நம்ம நாற்காலியில உக்காந்தவங்க ஒருத்தர்கூட விரலை மடக்கல. அதை வெச்சிருந்த டாக்டருக்கு எப்பேர்ப்பட்ட கை இருந்திருக்கணும்! கைராசிங்க அது. புது நாற்காலியோட வருமா?"

கிடங்குக்காரர் தொண்டையைச் செருமினார். "அந்த டாக்டரைப் பத்திச் சொல்லணும்னா டாக்டரம்மா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நாற்காலியே சொல்லுது."

கிடங்குக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். வியாபாரம் படிகிற நேரத்தில் குறுக்கே பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

கணவன் விடுவதாக இல்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, கீறல் விழாத நாற்காலிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். "கைப்பிடிக்கு அடியில ரெண்டு பக்கமும் பெயிண்ட் பட்டையா தேஞ்சு இரும்பு தெரியுதே?"

"பதினஞ்சு வருஷம் உழைச்சிருக்கு, தேயாதா?" என்று நாற்காலிக்கு டாக்டரே வக்காலத்து வாங்கினாள்.

விளம்பரத்தாள் மடித்தபடியே வீட்டுக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை காலை நாற்காலி வந்து இறங்கியது. கிடங்கிலிருந்து வந்த ஃபிட்டர் அதைத் தரையோடு முடுக்கி, மேலே கீழே ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டு, வண்டியைப் பார்க்கக் கீழே போனார். அவர் படி இறங்குவதற்குள் முதல் ஆள் படி ஏறி வந்தார்.

ஆறடி உயர லாரி டிரைவர். கடைவாய்ப்பல். ஒரு கையால் கன்னத்தையும் மறுகையால் கதவையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப வலிக்குங்களா டாக்டர்?"

கணவன்தான் முன்னால் வந்தான். மனைவியின் கையைவிட நாற்காலியின் மேல் அவனுக்கும் இப்போது நம்பிக்கை வந்திருந்தது.

"நீங்களே அந்தக் கைப்பிடியைப் பாருங்க சார். பதினஞ்சு வருஷமா எத்தனையோ பேர் பல்லு பிடுங்கின நாற்காலி. ஒரு கீறல் இருக்கா?"

டிரைவர் பார்த்தார். தடவியும் பார்த்தார். கதவை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடி, வாயை அகலமாகத் திறந்தார். ஒருவர் தன்னை நம்பி வாயைத் திறந்து டாக்டர் இதுவரை பார்த்ததில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

விளக்கை இழுத்து, குறட்டைக் கையில் எடுத்தாள். அப்போது படிகளில் தடதடவென்று சத்தம். ஃபிட்டர் மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்தார்.

"நல்லவேளை டாக்டரம்மா, இன்னும் ஆரம்பிக்கல! கையைக் கட்டுற பெல்ட்டு ரெண்டும் வண்டியிலயே கெடந்துச்சு."