தண்டவாளம் நேரானது

கொத்தனார் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். கலவை இறுகத் தொடங்கியிருந்தது. ஆனால் முதல் செங்கல்லை அவர் வைப்பதாக இல்லை.

தண்டவாளம் இன்னும் இடப்பக்கம் திரும்பியே கிடந்தது.

எங்கள் சுரங்கத்துக்கு இரண்டு வாய். மலைச்சரிவில் அடுத்தடுத்து இருக்கும். ஆட்களை ஏற்றிவரும் சின்ன ரயில் இடது வாய்க்குள் போகவேண்டுமானால், பாதை பிரியும் இடத்தில் ஓட்டுபவர் ஒரு பெடலை மிதிப்பார். எஞ்சினுக்கு அடியிலிருந்து ஓர் இரும்பு நாக்கு இறங்கி, பாதையோரம் நிற்கும் நெம்புகோலைத் தட்டும். தண்டவாளம் தானாக இடப்பக்கம் திரும்பும். உள்ளே போன வண்டி திரும்பி வரும்போது வாய்க்கு வெளியே தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் இன்னொரு நெம்புகோலை அதன் சக்கரம் அமுக்கும். தண்டவாளம் நேராகிவிடும்.

அந்தக் கருவியை நாங்கள் வாட்ச்மேன் என்போம். தூங்காத, டீக்குக் காசு கேட்காத ஒரே வாட்ச்மேன்.

அது இடப்பக்கம் காட்டினால் உள்ளே ஆள் இருக்கிறது. நேராக இருந்தால் எல்லாரும் வந்தாயிற்று. இங்கே யாரும் தலையை எண்ணுவதில்லை, அதைத்தான் பார்ப்போம். இடப்பக்கம் காட்டிக்கொண்டிருக்கும்வரை அந்த வாயில் ஒரு துரும்பைக்கூட எவனும் குறுக்கே வைக்கமாட்டான். நெம்புகோலில் மனுஷக் கால் படக்கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிடுவார்கள். படுவதும் இல்லை.

காலையில் வண்டியை உள்ளே ஓட்டிப்போனது என் அண்ணன்.

பிறகுதான் உள்ளே தீப்பிடித்தது. மீட்கப் போனவர்கள் பாதி வழியிலேயே இருமிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அதிகாரி நிலைமையைச் சுற்றிவளைக்காமல் சொன்னார். இனி உள்ளே உயிரோடு யாரும் இருக்க வழியில்லை. வாயை அடைத்தால்தான் காற்றில்லாமல் தீ அடங்கும். இல்லாவிட்டால் நடுப்பாறை விரிசல் வழியாகப் புகை வலப்பக்கச் சுரங்கத்தில் நிறைந்துவிடும். அங்கே ஓர் அணி முழுக்க இருட்டில் நடந்தே வெளியே வந்துகொண்டிருந்தது.

அந்த அணியில் அண்ணன் அண்ணியின் மகன் இருந்தான்.

கொத்தனாருக்கும் இதெல்லாம் புரிந்தது. ஆனாலும் அசையவில்லை. அதிகாரி முதலில் கெஞ்சினார், அப்புறம் கத்தினார். இரும்புத்துண்டிடம் உத்தரவு கேட்கும் ஆட்களை இங்கேதான் பார்க்கிறேன் என்றார். கல் அங்கேதான் இருக்கிறது, வேண்டுமானால் நீங்களே வையுங்கள் என்று கொத்தனார் மரியாதையாகவே சொன்னார்.

அதிகாரி கல்லைத் தொடவில்லை.

அண்ணி தீப்பிடித்த சேதி கேட்டு வந்ததிலிருந்து பாதையோரமே நின்றிருந்தார். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை. வெளியே வந்த புகை மேலே ஏறாமல், முழங்கால் உயரத்துக்குப் பாதைமேல் படிந்து கிடந்தது.

டக்.

சத்தம் சின்னதுதான். எல்லாருக்கும் கேட்டது.

தண்டவாளம் நேராகியிருந்தது.

பாதையில் வண்டி இல்லை. வாயிலிருந்து எதுவும் வரவில்லை. ஆனால் பாதைமேல் நின்ற ஆட்கள், வண்டிக்கு வழிவிடுவதுபோல் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். யாரும் சொல்லி ஒதுங்கவில்லை. ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். பிறகு எல்லாரும் கழற்றினோம்.

ஏதோ தன்னை உரசிக்கொண்டு போனதாக என் பக்கத்தில் நின்ற ஃபிட்டர் முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெட்டி பெட்டியாகக் கடந்து முடியட்டும் என்று நின்றோம்.

"வந்துட்டாங்க," என்றார் கொத்தனார். குனிந்து முதல் செங்கல்லை வைத்தார்.

அப்போதுதான் அண்ணி பேசத் தொடங்கினார்.

அண்ணி அளந்து பேசுகிறவர். வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று அண்ணனே குரல் கொடுத்துத்தான் தெரிந்துகொள்வார். அன்றைக்கு உரக்கப் பேசினார். கலவையில் தண்ணீர் போதாது என்றார். மூலையில் பிடிமானம் இல்லை என்றார். வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொன்னார். மகன் சின்ன வயதில் சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லி, யாரும் சிரிக்காமல் தானே சிரித்தார்.

பாவம், பேசித் தீர்க்கட்டும் என்று ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சுவர் மார்பளவு எழும்பியபோது, மூச்சு வாங்குவதற்காக அண்ணி நிறுத்தினார்.

கொத்தனாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் தலையைச் சாய்த்து, காதைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அடுத்த கல்லை வைக்காமல் என்ன வேடிக்கை என்று அண்ணி முன்னைவிட உரக்க ஆரம்பித்துவிட்டார். கரண்டி மறுபடி இறங்கியது.

கடைசிக் கல் ஏறி, பூச்சும் முடிந்த பிறகுதான் அண்ணியின் வாய் ஓய்ந்தது. வலது வாயிலிருந்து ஆட்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள். அண்ணி உடனே அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா தம்பி?"

இல்லை என்றேன்.

அண்ணி நடக்கப் போனார். ஒரு காலில் செருப்பு இல்லை.

நான் குனிந்து புகைக்குள் கைவிட்டுத் துழாவினேன். அமுங்கிக் கிடந்த நெம்புகோலுக்கு அடியில் அது மாட்டியிருந்தது. இழுத்து எடுத்து, அவர் காலடியில் வைத்தேன்.

என் முகத்தைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு, மகன் வரும் பக்கம் நடந்தார்.