சட்டப்படி

"எந்திரி ஜூரா. அது பொண்டாட்டி உட்கார்ற இடம்."

முற்றத்தில் போட்டிருந்த துக்கக் கூடாரத்தின் வாசலில் நின்று சபார் கத்தினான். உள்ளே கறுப்பு முக்காட்டோடு உட்கார்ந்திருந்த ஜூரா அசையவில்லை.

எசென்பெக் கண்ணை மூடி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. அதற்குள் தம்பிக்காரனுக்கு நாக்கு நீண்டுவிட்டது. போன வாரம்வரை 'அண்ணி, அண்ணி' என்று அவள் அவித்த மான்டிக் கறிக்கொழுக்கட்டையை வாங்கித் தின்ற அதே நாக்கு.

"பதினோரு வருஷம் அவரோட வாழ்ந்திருக்கேன் சபார்."

"வாழ்ந்தே. கட்டிக்கிட்டியா? பதிவு ஆபீஸ் காகிதம் இருக்கா?"

"இந்த வீட்டுக்கு மண்ணு மிதிச்சு, கல்லறுத்து, அவரோட சேர்ந்து சுவரு வச்சவ நான்."

"சுவரு வந்து கோர்ட்டுல சாட்சி சொல்லுமா? அண்ணனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. வீடு இனி எனக்கு. அடக்கம் முடிஞ்சதும் மூட்டையைக் கட்டு."

சுற்றியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள் போட்ட தேநீரைக் குடிக்காதவள் அதில் ஒருத்திகூடக் கிடையாது. ஜூராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னைத் தூக்கித்தான் வெளிய போடணும். எங்க, போடு பார்க்கலாம்!"

அந்த நேரம் வெளியே ஒப்பாரிச் சத்தம் கேட்டது. புரூல்! எசென்பெக்கோடு ஒத்துவராமல் பிஷ்கெக் நகரத்துக்குப் போய்விட்ட முதல் மனைவி.

சபாருக்கு முகமெல்லாம் பல். ஜூராவை மட்டம் தட்ட இதைவிட நல்ல சமயம் ஏது?

"வாங்க அண்ணி! ஜூரா, பார்த்துக்கோ, இவங்கதான் ஊரறியப் பதிவு ஆபீஸ்ல பதிஞ்சு கட்டிக்கிட்டவங்க. எந்திரிச்சு இடத்தைக் கொடு!"

"அப்ப காகிதம்தான் முக்கியம்னு சொல்றீங்களா தம்பி?" என்றாள் புரூல்.

"பின்னே? ஊரே கேட்கச் சொல்றேன். காகிதம்தான்!"

"நல்லது. அது என்கிட்ட இருக்கு. பிரிஞ்சோமே தவிர, நாங்க விவாகரத்து வாங்கல. அதனால வீடு எனக்கு."

சபாரின் பல்லெல்லாம் உள்ளே போனது.

ஜூரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். "நீங்களே வந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன்க்கா."

"யாரு உன்னை எந்திரிக்கச் சொன்னா? கொஞ்சம் நகரு. நானும் அவருக்காக அழணும்."

புரூல் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துக்கம் கழியட்டும். வீடு என் பேருக்கு வந்ததும் உன் பேருக்கு மாத்தி எழுதிடறேன்."

ஜூரா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

"அண்ணி! அண்ணனை வேணாம்னு விட்டுட்டுப் போனவங்கதானே நீங்க!" சபார் குதித்தான். "இப்ப எதுக்கு வந்தீங்க?"

புரூல் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வராம இருந்தா, சட்டப்படி இந்த வீடு உனக்குல்ல போயிருக்கும்!"